சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை: டீசல் காரில் கிளட்ச் வழுக்குவதைக் கண்டுபிடித்த கதை

சென்ற ஆவணி மாதம் தாளவாடியில் என் அத்தையின் பேத்திக்குக் காது குத்து வைத்திருந்தார்கள். காலை ஏழு மணிக்குக் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து எங்கள் டீசல் காரில் புறப்பட்டோம். அம்மா, மனைவி, இரண்டு குழந்தைகள், நான் என ஐந்து பேர். டிக்கியில் ஒரு மூட்டை தேங்காயும், கவுந்தப்பாடியில் வாங்கிய ஒரு மூட்டை நாட்டுச் சர்க்கரையும் இருந்தன. சத்தியமங்கலத்துக்கு முன்பாக ஒரு பேருந்தை முந்துவதற்காக ஐந்தாம் கியரிலேயே ஆக்ஸிலரேட்டரை முழுவதுமாக மிதித்தபோது, என்ஜின் சத்தம் திடீரென்று உயர்ந்து என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதைக் காட்டும் ஆர்பிஎம் முள் மேலே ஏறியது. வண்டியோ அதே வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. பாரம் அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நான்காம் கியருக்கு மாற்றி முந்திவிட்டேன். அன்றைக்கு அந்த ஒரு நொடியை ஒழுங்காகக் கவனித்திருந்தால் மலையேறும் முன்பே நிறுத்தியிருப்பேன்.

பண்ணாரி அம்மன் கோயிலைக் கும்பிட்டுவிட்டு, சோதனைச் சாவடியைக் கடந்து திம்பம் மலைப்பாதையில் ஏறத் தொடங்கினோம். அந்தப் பாதையில் மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. எங்களுக்கு முன்னால் பாரம் ஏற்றிய லாரி ஒன்று நடந்து போகும் வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அது ஒவ்வொரு வளைவிலும் நிற்பதும் நகர்வதுமாக இருந்ததால், நானும் கிளட்சைப் பாதி மிதித்தபடியே வண்டியைச் சரிவில் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தேன். பாதி மலை ஏறியிருப்போம். தாள் கருகுவது போன்ற காரமான நெடி உள்ளே வந்தது. பின்சீட்டிலிருந்த அம்மா, "என்ன கண்ணு, ஏதோ தீயற வாசம் வருது" என்றார். அடுத்து வந்த அகலமான இடத்தில் ஓரங்கட்டி என்ஜினை அணைத்தேன்.

பிரேக் பிடித்துக்கொண்டு தேய்ந்தாலும் ஏறத்தாழ இதே நெடிதான் வரும். கைப்பிரேக்கை முழுவதும் இறக்காமல் ஓட்டியவர்கள் அதை அறிவார்கள். ஆகவே நான்கு சக்கரங்களுக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன், தொடவில்லை. நான்கிலும் ஒரே அளவான, மலையேறும் வண்டிக்கு வழக்கமான சூடுதான் இருந்தது. நெடி முன்பக்கம் பானெட்டின் அடியிலிருந்து, என்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து வந்தது. முக்கால் மணி நேரம் ஆறவிட்டோம். பிறகு லாரிகள் போய் இடைவெளி கிடைத்த நேரம் பார்த்து, இரண்டாம் கியரில், ஆக்ஸிலரேட்டரைக் கால்வாசிக்கு மேல் மிதிக்காமல், எங்கும் பாதிக் கிளட்சில் நிற்காமல், மெதுவாக ஏறி ஆசனூர் சேர்ந்தோம். இப்படிப்பட்ட நிலையில் மாட்டிக்கொள்பவர்கள் செய்ய வேண்டியது இதுதான். என்ஜின் தரும் விசையைக் குறைத்தால் தேய்ந்த கிளட்சும் ஓரளவு பிடித்துக்கொள்ளும். சரிவில் நிற்க நேர்ந்தால் கைப்பிரேக்கில் நிற்க வேண்டுமே தவிரக் கிளட்சில் நிற்கக் கூடாது.

ஊர் திரும்பிய மறுநாள் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். "வண்டியில் இழுவை இல்லை" என்று மட்டும் சொன்னேன். அது என் தவறான வார்த்தை என்று பிறகுதான் புரிந்தது. அவர்கள் பானெட்டைத் திறந்து, என்ஜினை நின்ற இடத்திலேயே இரண்டு முறை உறுமவிட்டுக் கேட்டுவிட்டு, என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ போய்விட்டது, மாற்ற நாற்பதாயிரம் ஆகும் என்றார்கள். இன்னொரு பட்டறையில் டீசல் ஃபில்டரை மாற்றிக் கொடுத்தார்கள். எந்த மாற்றமும் இல்லை. இழுவை இல்லை என்பது ஒரு விளைவுதான். என்ஜின் விசையை உண்டாக்காமல் இருந்தாலும் அது வரும், உண்டாக்கிய விசை சக்கரத்துக்குப் போய்ச் சேராமல் இருந்தாலும் வரும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எந்தப் பாகத்தைக் கழற்றினாலும் அது குருட்டு வைத்தியம்தான்.

சத்தி சாலையில் சிறிய பட்டறை வைத்திருக்கும் வயதான மெக்கானிக் ஒருவரிடம் மூன்றாவதாகப் போனேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. "ஏனுங் தம்பி, சத்தம் ஏறுதுங்களா, ஏறாம மந்தமா இருக்குதுங்களா?" என்று கேட்டார். "சத்தம் நல்லா ஏறுதுங்கண்ணா, வண்டிதான் ஏற மாட்டேங்குது" என்றேன். "அப்புறம் டர்போ மேல என்னங் குத்தம்? ஆயில் என்ஜின்ல பெல்ட்டு வழுக்கினதப் பாத்ததில்லீங்களா?" என்றார்.

பார்த்திருக்கிறேன். எங்கள் அப்பாரு (தாத்தா) தோட்டத்துக் கிணற்றுமேட்டில் ஆயில் என்ஜின் ஒன்று இருந்தது. அதன் சக்கரத்திலிருந்து பம்புக்கு ஒரு தட்டைப் பெல்ட் ஓடும். மழை நாளில் பெல்ட் நனைந்தாலோ, பழசாகித் தளர்ந்தாலோ, என்ஜின் சத்தம் சட்டென்று லேசாகி வேகமெடுக்கும். அதே நேரத்தில் வாய்க்காலில் தண்ணீர் மெலியும். அப்பாரு அப்போது வரப்பில் வேறு எந்த வேலையாக இருந்தாலும், சத்தத்தைக் கேட்ட உடனே தலையைத் திருப்பி வாய்க்காலைப் பார்ப்பார். பிறகு பெல்ட்டில் குங்கிலியப் பொடி தூவுவார். என்ஜின் மேல் அவர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. சத்தம் ஒருபுறம், தண்ணீர் ஒருபுறம், இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்க வேண்டும் என்பதுதான் அவருடைய கணக்கு. காரில் ஆர்பிஎம் முள் அந்தச் சத்தம், வேகமானி முள் அந்தத் தண்ணீர்.

கையால் கியர் மாற்றும் வண்டியில், கிளட்ச் முழுமையாகப் பிடித்திருக்கும் வரை, ஒரு கியரில் இந்த இரண்டு முள்ளும் பிரிக்க முடியாதபடி கட்டப்பட்டவை. இடையில் இருப்பவை எல்லாம் பல்லோடு பல் கோத்த இரும்புச் சக்கரங்கள். அவை வழுக்குவதற்கு வழியே இல்லை. எங்கள் வண்டியில் ஐந்தாம் கியரில் 2000 ஆர்பிஎம் என்றால் மணிக்கு 80 கி.மீ. வேகம். 1500 என்றால் 60. ஏற்றமோ இறக்கமோ, வண்டி காலியோ பாரமோ, எதிர்க்காற்றோ, இந்த விகிதம் மாறாது. டர்போவில் கோளாறு, டர்போ தரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ரப்பர்க் குழாயில் விரிசல், டீசல் ஃபில்டர் அடைப்பு, புகையில் ஒரு பகுதியை என்ஜினுக்கே திருப்பும் இஜிஆர் வால்வில் கரி என்று என்ஜினின் பலத்தைக் குறைக்கும் எந்தக் குறையாக இருந்தாலும், இரண்டு முட்களும் சேர்ந்தே மந்தமாகும். பெரும்பாலும் கரும்புகையோ, காற்று ஒழுகும் விசில் சத்தமோ கூடவே வரும். ஆர்பிஎம் மட்டும் தனியாக ஓடினால் என்ஜின் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். விசை வழியில் நழுவுகிறது. அந்த வழியில், ஓட்டத்தின்போது வழுக்கக்கூடிய ஒரே பொருள் கிளட்ச் பிளேட்.

ஒரு சந்தேகம் வரலாம்: சேற்றிலோ ஈரமண்ணிலோ சக்கரம் வெறுமனே சுற்றும்போதும் சத்தம் ஏறி வண்டி நகராமல் இருக்குமே என்று. அப்போது வேகமானி முள்ளும் சேர்ந்து ஏறும். ஏனென்றால் வேகமானி சாலையை அளப்பதில்லை, சக்கரமோ கியர் பாக்ஸோ சுற்றுவதைத்தான் அளக்கிறது. ஆகவே முட்கள் இரண்டும் சேர்ந்து ஏறினால் டயரைப் பாருங்கள், பிரிந்தால் கிளட்சைப் பாருங்கள்.

கிளட்ச் எப்படிப் பிடிக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்தால், இது ஏன் முதலில் ஐந்தாம் கியரில், அதுவும் டீசல் வண்டியில் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பது விளங்கும். என்ஜினின் கடைசியில் பிளைவீல் என்னும் கனத்த இரும்புத் தட்டு சுற்றுகிறது. கியர் பாக்ஸின் தண்டில் கிளட்ச் பிளேட் கோக்கப்பட்டிருக்கிறது. இந்தப் பிளேட்டின் இரு முகங்களிலும் உராய்வுப் பூச்சு ரிவெட் அடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். பிரஷர் பிளேட் என்பது தன் தட்டு ஸ்பிரிங்கின் பலத்தால் கிளட்ச் பிளேட்டைப் பிளைவீலோடு வைத்து நெருக்குகிறது. நாம் பெடலை மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் அந்த ஸ்பிரிங்கின் நடுவிரல்களைத் தள்ளி நெருக்கத்தை விலக்குகிறது.

எத்தனை விசையை இந்த நெருக்கம் தாங்கும் என்பது மூன்று எண்களின் பெருக்கல்: உராய்வுக் கெழு (இரு பரப்புகள் ஒன்றையொன்று எவ்வளவு பிடித்துக்கொள்கின்றன என்பதன் அளவு), நெருக்கும் விசை, பிளேட்டின் சராசரி ஆரம். முகங்கள் இரண்டு என்பதால் வந்த விடையை இரட்டிப்பாக்க வேண்டும். சிறிய காருக்குப் பொருந்துகிற தோராயக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். உராய்வு 0.3, நெருக்கம் 4500 நியூட்டன், ஆரம் 8.5 சென்டிமீட்டர் என்றால், தாங்கும் முறுக்குவிசை ஏறத்தாழ 230 நியூட்டன் மீட்டர். எங்கள் வண்டியின் 1.3 லிட்டர் டீசல் என்ஜின் 2000 ஆர்பிஎம் அருகே அதிகபட்சம் 190 நியூட்டன் மீட்டர் தருகிறது. ஆகவே புதிதில் நாற்பது நியூட்டன் மீட்டர் மிச்சம் இருக்கிறது. இப்போது பூச்சு மெருகேறி உராய்வு 0.24 ஆகக் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாங்கும் அளவு 184 ஆகிவிடும். இந்த நிலையில் வண்டியை நாள்தோறும் ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு எந்தக் குறையும் தெரியாது. ஏனென்றால் அவர் 190ஐக் கேட்பதே இல்லை. உச்ச விசையைக் கேட்கிற அந்தச் சில நொடிகளில் மட்டும், அந்த ஆறு நியூட்டன் மீட்டர் பற்றாக்குறையில், பிளேட் நழுவத் தொடங்கும்.

அதே அளவுள்ள பெட்ரோல் என்ஜின் 115 நியூட்டன் மீட்டர் அளவில்தான் தரும், அதுவும் மிக உயர்ந்த ஆர்பிஎம்மில். டர்போ டீசல் 2000ஐ ஒட்டியே முழு விசையையும் ஒரே தள்ளாகத் தந்துவிடுகிறது. முதல், இரண்டாம் கியரில் என்ஜின் அந்த இடத்தைச் சட்டென்று கடந்து போய்விடும், டர்போ முழு அழுத்தம் கட்டுவதற்கே நேரம் இருக்காது. நான்காம், ஐந்தாம் கியரில் அதே இடத்தில் பல நொடிகள் நின்று உழைக்கும். அதனால்தான் வழுக்கல் முதலில் மேல் கியரில் தெரிகிறது. கீழ் கியர்களிலும் வழுக்குகிறது என்றால் நோய் முற்றிவிட்டது என்று கொள்ளலாம். என்ஜின் கணினியில் டியூனிங் செய்து விசையைக் கூட்டியவர்களுக்கு நல்ல கிளட்சே வழுக்கும். அவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் நெருக்கமானது.

அந்த மெக்கானிக்கின் கேள்விக்குப் பிறகு அன்று மாலையே சோதனை செய்தோம். பெருந்துறைக்கும் விஜயமங்கலத்துக்கும் இடையே, 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், முன்னும் பின்னும் வண்டி இல்லாத சமதளமான இடத்தைத் தேர்ந்தெடுத்தோம். முட்களைப் பார்த்துச் சொல்வதற்காக என் தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஓட்டுகிறவர் சாலையைத்தான் பார்க்க வேண்டும், ஆகவே இந்தச் சோதனையைத் தனியாகச் செய்யாதீர்கள். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஐந்தாம் கியரில், 60 கி.மீ. வேகத்தில், 1500 ஆர்பிஎம்மில் ஓட்டிக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை ஒரே மிதியாகத் தரைவரை அழுத்தினேன். 1800 வரை இரண்டு முட்களும் சேர்ந்து ஏறின. பிறகு டர்போ காற்றுக் கட்டும் அந்த நொடியில் ஆர்பிஎம் முள் துள்ளி 2500க்குப் போய் நின்றது. வேகம் 76. அந்த வேகத்துக்கு ஆர்பிஎம் 1900 இருந்திருக்க வேண்டும். மீதி 600 சுற்று நழுவிக்கொண்டிருந்தது. காலை எடுத்தவுடன் முள் 1900க்கு விழுந்து ஒட்டிக்கொண்டது. காரின் கணினியிலிருந்து அளவுகளைப் படிக்கும் ப்ளூடூத் ஓபிடி கருவியைத் தம்பி பொருத்திக் கைப்பேசியிலும் பதிவு செய்திருந்தான். அதில் இரண்டு கோடுகள் சேர்ந்து ஏறிவந்து ஓர் இடத்தில் கிளை பிரிவது தெளிவாகத் தெரிந்தது. முள்ளின் துள்ளல் கண்ணுக்குத் தப்பிவிடும் தொடக்க நிலையில் அந்தக் கருவி மிக உதவும்.

அந்த 600 சுற்று எவ்வளவு கொடியது என்பதை ஒரு கணக்குச் சொல்லும். வழுக்கிக்கொண்டே பிளேட் 150 நியூட்டன் மீட்டர் கடத்துகிறது என்று வைத்தால், நழுவும் இடத்தில் உண்டாகும் வெப்பம் 9400 வாட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் ஒன்பதை ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலமுள்ள பிளேட்டின் மேல் வைத்துத் தேய்ப்பதற்குச் சமம். உராய்வுப் பூச்சில் உள்ள பிசின் அந்தச் சூட்டில் கெட்டு, மேற்பரப்பு கண்ணாடிபோல் மெருகேறும். மெருகேறினால் உராய்வு இன்னும் குறையும், அதனால் இன்னும் வழுக்கும். எனவே வழுக்கல் தெரிந்தபிறகு சோதனையை இரண்டு முறைக்கு மேல் செய்ய வேண்டாம். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டவும் வேண்டாம். பிளேட்டோடு போக வேண்டிய செலவு பிரஷர் பிளேட்டையும் பிளைவீலையும் சேர்த்துக் கேட்கும்.

பலரும் சொல்கிற இன்னொரு சோதனை உண்டு. வண்டியை நிறுத்தி, பிரேக்கை இறுக மிதித்துக்கொண்டு, மூன்றாம் அல்லது நான்காம் கியரில் கிளட்சை விட வேண்டும். என்ஜின் உடனே அணைந்தால் கிளட்ச் நல்லது, அணையாமல் ஓடினால் கெட்டது என்பார்கள். அணையவில்லை என்றால் கெட்டது என்பது முழு உண்மை. அணைந்தால் நல்லது என்பதை நான் ஏற்க மாட்டேன். ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும் ஐடிலில் என்ஜினின் விசை மிகக் குறைவு, அதைத் தாங்கி அணைப்பதற்கு அரைகுறைக் கிளட்சே போதும். எங்கள் வண்டி இந்தச் சோதனையில் ஒழுங்காக அணைந்தது. அதை நம்பியிருந்தால் டர்போவை மாற்றியிருப்பேன்.

பெடலின் உயரத்தை வைத்துத் தீர்மானிப்பதிலும் இதே போல் எச்சரிக்கை தேவை. கேபிளில் இயங்கும் பழைய வகையில் பிளேட் தேயத் தேய கிளட்ச் பிடிக்கும் இடம் மேலே வரும். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் வகையில் தேய்மானத்தை எண்ணெயே ஈடுசெய்துவிடுவதால் பிடிக்கும் இடம் பெரிதாக மாறாது. பெடல் கனமாவது மட்டும் சில வண்டிகளில் தெரியும். எங்களுடையது ஹைட்ராலிக். பெடலில் எந்த வேறுபாடும் எனக்குத் தெரியவில்லை.

கிளட்ச் வழுக்குகிறது என்பது உறுதியான பிறகும் உடனே கியர் பாக்ஸை இறக்கச் சொல்லக் கூடாது, பிளேட் தேயாமலேயே வழுக்குவதற்கும் காரணங்கள் உண்டு என்றார் மெக்கானிக். ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதலில் பெடலைக் கையால் தொட்டு, எதிர்ப்பு தொடங்கும் முன் அது லேசாக அசைகிறதா என்று பார்த்தார். இதை ஃப்ரீ பிளே என்பார்கள். கேபிள் வண்டியில் இது இல்லாமல் போனால், யாரோ எப்போதும் பெடலைக் கொஞ்சம் மிதித்துக்கொண்டிருப்பதற்குச் சமம், கேபிளைத் தளர்த்தினாலே வழுக்கல் நின்றுவிடும். ஹைட்ராலிக்கில், பெடல் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் திரும்பு துளை அடைத்துக்கொண்டால், பெடலை விட்ட பிறகும் குழாயில் அழுத்தம் தங்கி ரிலீஸ் பேரிங்கைத் தள்ளிக்கொண்டே இருக்கும். வழுக்கும் நிலையில் காற்று நீக்கும் திருகைத் திறந்து அழுத்தத்தை வெளியே விட்டதும் வழுக்கல் நின்றால் கோளாறு அங்கே இருக்கிறது, பிளேட்டில் இல்லை. அதைச் செய்து பார்த்தோம். எங்களுக்கு வழுக்கல் அப்படியே இருந்தது.

பிறகு வண்டியைத் தூக்கி, என்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் கூட்டின் அடிப்பகுதியை விரலால் தடவினார். அங்கே எண்ணெய் ஒழுகியிருந்தால் என்ஜினின் கிராங்க் தண்டில் எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் பின் ஆயில் சீலோ, கியர் பாக்ஸ் தண்டின் சீலோ போயிருக்கும். டீசல் என்ஜின் ஆயில் கன்னங்கரேல் என்றிருக்கும். கியர் ஆயிலுக்குக் கந்தகம் கலந்த ஒரு நாற்றம் உண்டு. எது ஒழுகுகிறது என்று மூக்கே சொல்லிவிடும். எண்ணெய் பட்ட பிளேட் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் வழுக்கும். சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் அதே வேலை திரும்பவும் வரும். எங்கள் வண்டியில் அவர் விரலில் காய்ந்த கரும்பொடிதான் ஒட்டியது. "பிளேட்டே பொடியாக் கொட்டியிருக்குதுங் தம்பி, எறக்கிரலாம்" என்றார்.

மறுநாள் கியர் பாக்ஸை இறக்கினார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். கூட்டுக்குள் சாம்பல் போன்ற தூசி அடைந்திருந்தது. பையன் ஒருவன் காற்றுக் குழாயை எடுத்துவந்தபோது மெக்கானிக் தடுத்து, ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார். பழைய காலத்துப் பிளேட்டுகளில் கல்நார் இருந்தது. இப்போதைய தூசியானாலும் நுரையீரலுக்கு ஆகாது. வெளியே வந்த பிளேட்டை என் கையில் கொடுத்தார். பூச்சில் காற்றோட்டத்துக்காக வெட்டப்பட்டிருக்கும் பள்ளங்கள் ஏறத்தாழ மறைந்து, மேற்பரப்பு மாவுக்கல்லைத் தேய்த்ததுபோல் பளபளவென்று இருந்தது. நகத்தால் வருடியபோது ஒரு பக்கத்தில் ரிவெட் தலைகள் பூச்சோடு சமமாகத் தட்டுப்பட்டன. ரிவெட் தலை பூச்சின் மட்டத்திலிருந்து 0.3 முதல் 0.5 மில்லிமீட்டராவது உள்ளே அமுங்கியிருக்க வேண்டும், அதற்குக் குறைந்தால் மாற்று என்பதுதான் பல சர்வீஸ் கையேடுகளின் அளவு. இன்னும் சில நூறு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் ரிவெட் பிளைவீலைக் கீறியிருக்கும்.

இன்னொன்றையும் அவர் காட்டினார். ரிலீஸ் பேரிங் தொடும் ஸ்பிரிங் விரல்களின் நுனிகள் வழக்கத்துக்கு மேல் பளபளப்பாகத் தேய்ந்திருந்தன. "கால எப்பவும் பெடல் மேலயே வெச்சு ஓட்டுவீங்களுங்களா?" என்று கேட்டார். ஆமாம். ஊருக்குள் ஓட்டும்போது இடது கால் பெடலின் மேலேயே இருப்பது என் பழக்கம். மிதிப்பதாக நினைக்கவே இல்லை, ஆனால் செருப்பின் எடையும் காலின் எடையும் சேர்ந்து ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டே இருந்திருக்கின்றன. 1,18,000 கிலோமீட்டரில் கிளட்ச் தேய்வது வியப்பில்லை. இருந்தாலும் காலை இறக்கி வைத்திருந்தால் அது இன்னும் கொஞ்ச காலம் உழைத்திருக்கும் என்று அந்த விரல் நுனிகளைப் பார்த்தபோது மனம் வருந்தியது.

பிளைவீலின் முகத்தில் அங்கங்கே நீலம் பாய்ந்த திட்டுகள் இருந்தன. அது மலையில் வாங்கிய சூடு. வெடிப்பு இல்லை என்பதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து உறுதி செய்துகொண்டு, லேத்தில் கொடுத்து மெல்லிசாக ஒரு முறை சீவி வாங்கினோம். இந்தப் பக்கத்தில் நல்ல லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாப் பிளைவீலையும் இப்படிச் சீவ முடியாது. பல டீசல் கார்களில் அதிர்வைக் குறைப்பதற்காக நடுவில் ஸ்பிரிங் வைத்த இரட்டைப் பிளைவீல் இருக்கும். அது போனால் மாற்றித்தான் ஆக வேண்டும், விலையும் கிளட்ச் செட்டைவிட மிக அதிகம். உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே செட்டாக மாற்றினோம். பிளேட் மட்டும் மாற்றினால் காசு மிச்சம் என்று சிலர் சொல்வார்கள். கியர் பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான் பெரிது. பேரிங்குக்காக இரண்டாவது முறை இறக்குவதைவிட வீண் வேறில்லை. பின் ஆயில் சீல் ஒழுகவில்லை என்றாலும் திறந்த இடத்திலேயே புதிதாகப் போடச் சொன்னேன். அதன் விலை சில நூறு ரூபாய்தான். கியர் பாக்ஸ் தண்டின் பற்களில் கிரீஸ் தடவும்போது மெக்கானிக் மிகக் கொஞ்சமாகத் தடவி, மிஞ்சியதைத் துணியால் துடைத்தெடுத்தார். அதிகமானால் சுற்றும் வேகத்தில் தெறித்துப் புதுப் பிளேட்டில் படும். பொருளும் கூலியுமாகப் பதினோராயிரத்துச் சொச்சம் ஆயிற்று. பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

புதுப் பிளேட்டும் பிளைவீலும் ஒன்றோடொன்று பழகுவதற்காக முதல் ஐந்நூறு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டச் சொன்னார். ஐந்தாம் கியரில் அழுத்தி மிதிக்காமல், பாரம் ஏற்றாமல், கோபிக்கும் ஈரோட்டுக்கும் திருப்பூருக்குமாக ஓட்டினேன். அது முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பியை அழைத்துக்கொண்டு அதே விஜயமங்கலம் சாலைக்குப் போனேன். அதே 60 கி.மீ., அதே 1500, அதே முழு மிதி. முதுகு சீட்டில் அழுந்தியது. 1800, 1900, 2000 என்று முள் நிதானமாக ஏறியது. கூடவே வேகமானி 72, 76, 80 என்று வந்தது. தம்பி ஒவ்வொரு ஜோடியையும் உரக்கப் படித்தான். வீட்டுக்கு வந்ததும் சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், மூன்றாம், நான்காம், ஐந்தாம் கியர்களுக்கான ஆர்பிஎம்மையும் வேகத்தையும் ஜோடி ஜோடியாக எழுதி, தேதியும் கிலோமீட்டரும் குறித்து வைத்தேன். தை மாதம் மறுபடியும் தாளவாடிக்குப் போக வேண்டியிருக்கிறது. புறப்படுவதற்கு முந்தைய நாள் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு ஒருமுறை நெடுஞ்சாலைக்குப் போய்வருவேன்.